வெயிட்டிங் லிஸ்டில் சந்தனமேரி அக்கா

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பூசை முடிந்து அன்பியக் கூட்டம். எங்கள் தெருப் பெண்கள் பதினோரு பேர் மாதம் ஒரு தடவை கூடிச் செபம் சொல்லி, டீ குடித்து, புதுவயல் முழுக்க உள்ள கதையைப் பேசிவிட்டுக் கலைவோம். இன்றைக்குச் செபம் சீக்கிரமே முடிந்தது. சென்னைப் பயணம் முடிவாகிவிட்டது! செப்டம்பர் 13, சனிக்கிழமை. விடிகாலை காரைக்குடியில் பல்லவன் ஏறி மத்தியானம் எழும்பூர். சாந்தோம் கோயில், லைட்ஹவுஸ், மெரினா, மெட்ரோ ரயிலில் ஒரு தடவை. ராத்திரி ராமேஸ்வரம் வண்டியில் திரும்பிவிடுவது. பதினோரு பேரில் சென்னையைப் பார்த்தவர் ஒருத்தர்கூட இல்லை. என் மகள் பெல்சி அங்கே ஒரு வருஷமாக வேலை பார்க்கிறாள், நானே போனதில்லை.

டிக்கெட் என் பொறுப்பு. பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க் ஆனதிலிருந்து ஊரில் எந்த ஃபாரம் என்றாலும் என் தலையில்தான்.

மற்றவர்கள் ஆதார் ஜெராக்ஸ் நாளைக்குத் தருவதாகச் சொன்னார்கள். சந்தனமேரி அக்கா அங்கேயே பிளாஸ்டிக் கவரில் இருந்து எடுத்து நீட்டினாள். "போன மாசமே எடுத்து வச்சிட்டேன்டி தவிடு!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா என்னைத் தவிடு என்றுதான் கூப்பிடுவாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பெல்சி போன் பண்ணினாள். அருண் ஜோசப்பின் அப்பா அம்மா எழும்பூர் ஸ்டேஷனுக்கே வந்து எங்களை அழைத்துப் போகிறார்களாம். எல்லோருக்கும் மத்தியானச் சாப்பாடு அவர்கள் பொறுப்பு. பெல்சிக்கும் அருணுக்கும் கல்யாணப் பேச்சு நடக்கிறது. அவர்களை நேரில் பார்க்கப் போவது இதுதான் முதல் தடவை.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். நான் 'சரி, சரி' என்று போனை வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

எடுத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் நெல்சனின் செல்லில். ஆறு பேருக்கு ஒரு டிக்கெட், நாலு பேருக்கு ஒரு டிக்கெட். எல்லாம் கன்பார்ம்.

பத்துப் பேர்.

இரண்டாவது டிக்கெட்டில் இன்னும் இரண்டு பெயருக்கு இடம் இருந்தது. ரயிலில் சீட்டும் கிடந்தது. அக்காவின் ஆதார் கவர் மேஜைமேல் என் முழங்கைக்குக் கீழேயே இருந்தது. 'மறந்துவிட்டேன்' என்று இங்கேயாவது எழுதிக்கொள்ளலாமா என்று பார்த்தேன். இது என் நோட்டு. இதிலும் பொய்யா?

சாயங்காலம் அக்கா வந்து கேட்டாள். "என் டிக்கெட்டு எடுத்தாச்சா?"

"உங்களுது மட்டும் வெயிட்டிங் லிஸ்ட்டுக்கா."

"அப்படின்னா?"

"வரிசையில நிக்கிது. யாராச்சும் வேணாம்னு சொன்னா உங்களுக்குக் கெடைக்கும்."

"நிக்கட்டும், நிக்கட்டும். நான் நிக்காத வரிசையா" என்று சொல்லிவிட்டு, முருங்கைக்கீரை ஒரு கட்டு வைத்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

முருங்கைக்கீரை சமைத்தேன். சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஐயோ.

செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாளில் பெட்டியில் விழுகிற மன்றாட்டுச் சீட்டுகளை வாசிப்பது நான்தான். ஆறு வருஷமாக வாசிக்கிறேன். யாருக்கோ சர்க்கரை குறைய வேண்டும், யாருக்கோ மகன் குடியை விட வேண்டும். நாலாவது சீட்டைப் பிரித்தேன். மடத்துச் சிஸ்டர் கையெழுத்து. அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அவள் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறார்.

"சந்தனமேரி சென்னை போக ரயில் டிக்கெட் கன்பார்ம் ஆக வேண்டுமென்று, புனித அந்தோணியாரை மன்றாடுகிறோம்."

என் வாயால் வாசித்தேன். மைக்கில். கோயிலே சேர்ந்து பதில் சொன்னது: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." முன் பெஞ்சில் அக்கா கண்ணை இறுக்க மூடிக் கையைக் கூப்பி நின்றாள். இல்லாத டிக்கெட்டுக்கு இருநூறு பேர் செபம். அடுத்த சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று இப்போது ஞாபகமே இல்லை.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்து, "நீ வாசிச்சா அவரு கேப்பாருடி" என்றாள். தூ, நானெல்லாம் ஒரு மனுசி.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஏன் இப்படிச் செய்தேன்? ஒரு தடவை எழுதிப் பார்த்துவிடுகிறேன்.

எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. நான் பிறந்ததும், இதாவது தங்கட்டும் என்று என்னை முறத்தில் போட்டுத் தவிட்டுக்கு விற்றார்கள். ஒரு படி தவிடு. வாங்கினது சந்தனமேரி அக்கா, அப்போது பதினாறு வயசு. வாங்கிவிட்டு அம்மாவிடமே 'வளத்துக் குடு' என்று திருப்பிக் கொடுத்தாளாம். சாமியார் மரிய அனிதா என்று ஞானஸ்நானம் கொடுத்தார். ரைஸ் மில் களத்தில் நான் தவிடு. அம்மாவும் அக்காவும் அந்தக் களத்தில்தான் அவித்த நெல்லைக் காயப்போட்டுக் காலால் துழாவிக்கொண்டு நடப்பார்கள். அப்பா லோடுமேன். நானும் எட்டாவது படிக்கிற வரைக்கும் லீவு நாளில் களத்தில் காக்கா விரட்டியிருக்கிறேன்.

அருண் ஜோசப்பின் அம்மா போன மாதம் போனில் கேட்டார்: "உங்க அப்பா என்ன பண்ணிட்டு இருந்தாங்க?" ரைஸ் மில்லில் என்றேன். "ஓ, மில்லு வச்சிருந்தாங்களா!" என்றார்.

'ஆமாங்க' என்றேன்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. அக்கா வந்தால் எழும்பூர் பிளாட்பாரத்திலேயே 'ஏ தவிடு' என்று கத்துவாள். சாப்பாட்டு மேஜையில் களத்துக் கதை முழுவதையும் கொட்டுவாள். நான் முறத்தில் கிடந்ததை நடித்தே காட்டுவாள். அதற்குப் பயந்துதான். பெற்ற தாய் தகப்பனைச் சொல்ல வெட்கப்பட்டு, வாங்கினவளையும் கழற்றிவிட்டேன்.

எழுதி முடித்துவிட்டு நெல்சனிடம் சொன்னேன். "இப்ப எடு" என்று செல்லை நீட்டினார். திரும்பி வருகிற வண்டியில் சீட் கிடைத்தது. போகிற வண்டியில்... முகூர்த்தக் கூட்டமாம். வெயிட்டிங் லிஸ்ட் 23.

"ஒம் பொய் பலிச்சிருச்சு பாரு" என்றார். சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மறுபடியும் அதே சீட்டு. வாசித்தேன். இந்தத் தடவை நானும் மனசாரக் கேட்டேன். வெயிட்டிங் லிஸ்ட் 17.

ஆகஸ்ட் 27, புதன்

தெருவே கேட்கிறது. "சந்தனமேரிக்கு ஆச்சா?" தண்ணீர் பிடிக்கிற இடத்தில் கேட்கிறார்கள், பஸ்ஸில் கேட்கிறார்கள். 11 என்றேன். இரண்டு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

அக்கா புதுச் செருப்பு வாங்கிவிட்டாள். வீட்டுக்குள் போட்டு நடந்து பழகுகிறாள். சென்னையில் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டேன். கடலா, கோயிலா?

"கடலு தொண்டியிலயே இருக்கு. நாப்பது வருசமா இங்க இருந்து லாரி லாரியா மெட்ராஸுக்கு அரிசி போகுது. நான் காயவச்ச அரிசி. அதைத் திங்கிறவுக எப்படித்தான் இருக்காகன்னு ஒருக்கா பாத்துட்டு வரணும், அம்புட்டுத்தான்."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் வேலை கிடக்கிறது என்று கிளம்பி வந்துவிட்டேன். லீவு நாள் என்பது வாசலுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. விநாயகர் சதுர்த்தி. வாயைத் திறந்தாலே பொய்தான் வருகிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

வெயிட்டிங் லிஸ்ட் 4. சீட்டை வாசிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. 'அனிதாவுக்கு எம்புட்டு இரக்கம்' என்று பின்னால் யாரோ சொன்னது மைக்கைத் தாண்டிக் காதில் விழுந்தது. சீ.

செப்டம்பர் 12, வெள்ளி

நாலு மணிக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். நாளைக்குப் பயணம், வெயிட்டிங் லிஸ்ட் இன்னும் 2. கிடைக்கவில்லை என்று முடித்துவிட்டால் பொய்யும் அதோடு புதைந்துபோகும், ஒருத்தருக்கும் தெரியாது. அந்த ஆசையும் வந்ததுதான். மத்தியானம் வரைக்கும் வந்தது.

அக்கா பையில் துண்டு மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். மொதல்ல உங்க பேரைப் போடவே இல்லக்கா. சீட்டு இருந்துச்சு. நான்தான் போடல. சம்பந்தி வீட்டுல நீங்க களத்துக் கதை பேசிருவீகன்னு... தவிடுன்னு கூப்பிட்டிருவீகன்னு... எனக்கு வெக்கமா இருந்துச்சுக்கா.

அக்கா துண்டை மடிப்பதை நிறுத்தவில்லை. மடித்து முடித்தாள். அழவும் இல்லை, கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் தேவலை.

"கூட்டிட்டுப் போக முடியாதுக்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. இவளுக்கு வாய் அடங்காது, வேணாம்னு நெனைக்கிறான்னு போயிருப்பேன். அந்தோணியாரை எதுக்கு இழுத்தீக? நான் எழுதிப் போட்டதை நீங்கதான வாசிச்சீக? நாக்குக் கூசலையா?"

நீங்க. இழுத்தீக. வாசிச்சீக. நாற்பத்தாறு வருஷத்தில் அக்கா என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை.

"நீங்க போயிட்டு வாங்க, அனிதா" என்று சொல்லிவிட்டுப் பையில் இருந்த துண்டை வெளியே எடுத்து வைத்தாள்.

செப்டம்பர் 13, சனி. ரயிலில்

ராத்திரி சார்ட் போட்டதும் செல்லில் மெசேஜ் வந்திருக்கிறது. காலையில் எழுந்துதான் பார்த்தேன். சந்தனமேரி, கன்பார்ம். என் சீட்டுக்கு அடுத்த வரிசை.

ஓடினேன். அக்கா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். செல்லைக் காட்டினேன். உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு, கூப்பி, மேலே பார்த்தாள்.

"அவரு குடுத்துட்டாரு. அவருக்கு நான் நன்றி சொல்லிக்கிறேன். ஒங்களோட நான் வரல."

வேன் ஹாரன் அடித்தது. வந்து ஏறிக்கொண்டேன். திருச்சி வரைக்கும் அந்தச் சீட் காலி. மற்றவர்கள் பை வைத்தார்கள். அப்புறம் டி.டி.இ. யாரோ ஒருத்தருக்குக் கொடுத்துவிட்டார். அக்காவுக்கு என்ன ஆச்சு என்று பத்துத் தடவையாவது கேட்டுவிட்டார்கள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சென்னை பார்த்தேன். லைட்ஹவுஸில் லிஃப்ட் இருக்கிறது. மெட்ரோவின் நகரும் படியில் கால் வைக்கப் பயந்து நாங்கள் ஒன்பது பேர் ஒருத்தர் சேலையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நின்றோம், பத்தாவது ஆள் தைரியசாலி, மேலே போய் நின்று கூப்பிட்டாள். சாந்தோமில் முழந்தாள் போட்டேன். என்ன கேட்பது என்று தெரியாமல் எழுந்துவிட்டேன்.

ஆனால் எழுத வேண்டியது சாப்பாட்டு மேஜை. அருணின் அம்மா நல்ல மாதிரி. எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "உங்க மில்லு இப்ப யாரு பாத்துக்கறாங்க?" என்று கேட்டார்.

கைப்பிடிச் சோறு கையிலேயே இருந்தது. அது எந்த ஊர் அரிசியோ.

"மில்லு எங்களுது இல்லைங்க. அப்பா அங்க மூட்டை தூக்கினாரு. அம்மா களத்துல நெல்லு காயப்போட்டாங்க. போன்ல நான் சொன்னது பொய்."

எங்கள் பெண்கள் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அருணின் அப்பா "அதனால என்னங்க, ரசம் ஊத்திக்கோங்க" என்றார். அம்மா ரசம் ஊற்றினார். பெல்சிக்கு முகம் சிவந்துவிட்டது. வண்டி ஏறும்போது, "நெசத்தைச் சொன்னதுக்கு நான் கோவப்படலம்மா. பொய் சொன்னதை என்கிட்டக்கூட சொல்லல பாத்தியா" என்றாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்றைக்குப் பிரித்ததில் மூன்றாவது சீட்டு. சிஸ்டர் கையெழுத்து.

"ரயில் டிக்கெட் கன்பார்ம் ஆனதற்காக அந்தோணியாருக்கு நன்றி. சந்தனமேரி."

போகாத பயணத்துக்கு நன்றி. கேட்டாள், கொடுத்தார், நன்றி சொல்கிறாள். வாசித்து முடித்தேன். அன்பியப் பெண்கள் வெளியே என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். டிக்கெட் கிடைத்தும் ஏன் வரவில்லை, உடம்புக்கா? இல்லை, என்னால்தான் என்று முதலில் இருந்து சொன்னேன். ஒருத்தி "அடிப்பாவி" என்றாள். சரிதான். மற்றவர்கள் என்னை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பெல்சி விஷயம் இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. காத்திருக்க வேண்டியதுதான். வெயிட்டிங் லிஸ்ட் என்றால் என்ன என்று இப்போது தெரிகிறது.

அக்கா தெருவில் பார்த்தால் "நல்லாருக்கீகளா" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

நேற்று காரைக்குடி ஸ்டேஷன் கவுண்டரில் வரிசையில் நின்று காகித டிக்கெட் எடுத்தேன். சென்னைக்கு, நவம்பர் 8, சனிக்கிழமை. இரண்டு பேர்.

இன்று பூசை முடிந்து நெல்சனும் நானும் அக்கா வீட்டுக்குப் போனோம். அக்கா டிக்கெட்டை வாங்கிப் பார்த்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நெல்சனிடம் நீட்டினாள்.

"நீ வாசிப்பா."

நெல்சன் வாசித்தார். பெயர், தேதி, பெட்டி, சீட் நம்பர், கன்பார்ம்.

"இன்னொருக்க வாசி."

இன்னொரு தடவை வாசித்தார். அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தரையைத் தவிரப் பார்க்க இடமில்லை.

"ரெண்டாவது பேரு யாரு?"

"அனிதாதான், அக்கா."

டிக்கெட்டை நாலாக மடித்து, அந்தப் பழைய ஆதார் கவருக்குள்ளேயே வைத்தாள். அடுப்படிக்குப் போனாள். டீ போடப் போகிறாளா, போகச் சொல்கிறாளா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன். உள்ளே இருந்து குரல் வந்தது.

"சன்னல் பக்கம் எனக்கு. சொல்லிட்டேன்."

தவிடு என்று கூப்பிடவில்லை. ஆனால் வாங்க, போங்க என்றும் சொல்லவில்லை.