மஞ்சள் அட்டையில் ஒரு கதவு எண்

14 ஜூலை 2003, திங்கள்

காலையிலிருந்து காற்று, புழுதி. கொடியில் போட்டதை மூன்று முறை உதறினேன். இந்துவுக்குச் சளி. இரண்டரை வயதுக்கு என்ன கோபம்!

அப்பா வந்து நாற்பது நாள். புற்று முதுகெலும்புக்குப் பரவிவிட்டது என்றபின் கொட்டாம்பட்டியில் தனியாக விட முடியவில்லை. மகள் வீட்டில் இருப்பது அவருக்குக் கூச்சம். மருமகன் காதில் விழக்கூடாதென்று, வலி வரும்போது துண்டைச் சுருட்டிக் கடித்துக்கொள்கிறார். திருச்சி ரோட்டில் முப்பது வருஷம் 'போலாம் ரைட்' என்று கத்திய கண்டக்டர். துண்டைத் துவைத்துக் கொல்லைப்பக்கம் காயப்போடுகிறேன். பல் பதிந்த இடம் தெருவுக்குத் தெரிய வேண்டாம்.

டாக்டர் இன்று: "சாதா மாத்திரை இனிமே கேக்காதும்மா. மார்ஃபின்தான்." மருந்துக்கடையில் கிடைக்காது. புற்றுநோய் ஆஸ்பத்திரியில் பதிந்து அட்டை வாங்க வேண்டும். நோயாளி போட்டோ, பொறுப்பாளர் போட்டோ, அப்பாவின் கொட்டாம்பட்டி ரேஷன் கார்டு நகல். பொறுப்பாளர் நான்.

அபினியிலிருந்து மார்ஃபின் பிரிப்பது. பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, பத்து மார்க். படம் போட்டு எழுதினேன்.

எதிர் வீட்டு அக்கா டிவி இன்றும் உச்சத்தில். இந்து தூங்கவே இல்லை. நாகரிகம் தெரியாத ஜனம்.

15, செவ்வாய்

பால் திரிந்துவிட்டது. சாப்பிடும்போது இவர் அப்பாவிடம்:

"ஒர்க்‌ஷாப்புல ஒருத்தன் சொல்றான் மாமா, கஞ்சாவப் பால்ல காய்ச்சிக் குடிச்சா வலி தெரியாதாம். அட்டை கிட்டை ஒண்ணும் வேணாமாம்."

அப்பா சிரித்துவிட்டார். "மாப்ள, பையில அத வச்சிருந்தவன, ஸ்டேஷன் வாசல்ல வண்டிய நிறுத்தி இறக்கிவிட்டவன் நான். இப்ப எனக்கே டம்ளர்ல ஊத்தப் பாக்குறீகளா?"

இவர் போனபின் என்னிடம் மெதுவாக: "அட்டை மாத்திரையும் அந்த வகைதான தாயி? போலீஸு வந்து நின்னா மாப்ளைக்குல்ல அவமானம்."

"போலீஸ் வரக்கூடாதுன்னுதான்ப்பா அட்டையே." சொன்னேன். குரலில் தெம்பு இல்லை.

எழுதிப் பார்த்துவிடலாம்.

நன்மை:
- தூங்குவார்.
- படுத்துத் தூங்குவார். (இப்போது நாற்காலியில், தலையணையைக் கட்டிக்கொண்டு.)
- புதன்தோறும் நர்ஸ் வண்டியில் வீட்டுக்கே வந்து பார்த்து, மாத்திரை தருவார்.

தீமை:
- அந்த வண்டி. பக்கவாட்டில் 'புற்றுநோய்' என்று பெரிய எழுத்து. எங்கள் வாசலில் நிற்கும்.
- போதை மருந்துப் பதிவேட்டில் என் பெயர், என் முகம்.
- எழுதிப் போட்டிருக்கும் பள்ளிக்கூட வேலை. தாளாளர் வீடு அடுத்த தெருதான். கெமிஸ்ட்ரி டீச்சர் வீட்டில் அபின் என்றால்?
- இந்து எதையும் வாயில் போடுவாள். (பீரோ மேல்தட்டு. பூட்டு. சாவி என் தாலிக்கொடியில்.)
- ஒட்டிக்கொள்ளும் என்று பிள்ளைகளை அவளோடு விளையாட விடமாட்டார்கள்.
- பழகிவிட்டால்? நேற்று டாக்டரிடம் கேட்டேன். "பழகுறதுக்கு நாள் இருக்கணும்லம்மா." கேட்டிருக்க வேண்டாம்.

தீமைதான் நீளம். மறுபடி படித்தேன். கடைசி வரியைத் தவிர எதிலும் அப்பா இல்லை.

18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. வாசலுக்குத் தண்ணீர் மட்டும் தெளித்தேன். கோலம் இல்லை.

அட்டை வாங்கியாயிற்று. மஞ்சள். போட்டோவில் திருடி போல இருக்கிறேன். பார்வை அப்படி.

ஒன்று செய்தேன். இங்கே மட்டும் எழுதுகிறேன். படிவத்தில் 'தற்போது வசிக்கும் முகவரி' என்ற இடத்தில் எங்கள் தெருவை எழுதவில்லை. மூன்று தெரு தள்ளி, கருவேல முள் மண்டிய காலி மனை. அந்தத் தெரு, அந்த எண். போன் என்ற இடத்தில் கோடு.

"வீடு ஈசியா கண்டுபிடிச்சிரலாமாம்மா?" என்றார் நர்ஸ் ஸ்டெல்லா.

"பிள்ளையார் கோயில் முனையில நானே நிப்பேன் சிஸ்டர்."

திட்டம்: வண்டி அங்கேயே நிற்கட்டும். சிஸ்டரை மட்டும் நடத்திக் கூட்டிவருவது. யாரோ சொந்தக்காரி என்று நினைப்பார்கள். பஸ்ஸில் வரும்போது, என்ன சாமர்த்தியம் என்றுகூடத் தோன்றியது.

மாத்திரை புதன் காலை வரை.

20, ஞாயிறு

படுத்தார். குறட்டை! நானும் இவரும் வாசல்படியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

காலையில் இந்துவுக்குக் காலண்டர் தாளைக் கிழித்து டிக்கெட். "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத. சில்லறை வச்சிருக்கியா ஆத்தா?" அவள் ஒரு புளியங்கொட்டை கொடுத்தாள். மிச்சத்துக்குச் சண்டை.

கறிக்குழம்பு கேட்டார். இரண்டு கரண்டி சோறு.

21, திங்கள்

பள்ளியிலிருந்து ஆள் வந்தது. புதன் பத்து மணிக்கு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். புதன்தானா கிடைத்தது? ஆஸ்பத்திரி வண்டி எப்படியும் தாமதமாகத்தான் வரும். பதினொன்றுக்குத் திரும்பிவிடலாம். சேலை: நீலம்.

23, புதன்

எழுதக் கை வரவில்லை.

பாடம் நன்றாகப் போனது. அதைச் சொல்லவும் வெட்கம். தாளாளர் டீ கொடுத்தார், பேசினார், நான் எழுந்திருக்கவில்லை. முனைக்கு வந்தபோது பன்னிரண்டரை. அங்கே இஸ்திரி போடும் அக்கா:

"ஒரு வேன் வந்துச்சு தாயி. அங்கிட்டு இருக்க காலி மனையவே சுத்திச் சுத்தி வந்துச்சு. நர்சம்மா இறங்கி முள்ளுக்குள்ளயே எட்டிப் பாத்துச்சு, பாவம். இம்புட்டு நேரம் நின்னுட்டு இப்பத்தான் போகுது."

பூத்துக்கு ஓடினேன். ஆஸ்பத்திரியில் போனை எடுத்த பெண்: புதன்கிழமை எல்லாரும் வெளியே. நாளை காலைதான்.

நாலு மணிக்குத் தொடங்கியது. முன்னைவிட மோசம்.

"வண்டி வரலையா தாயி?"

"ரிப்பேராம்ப்பா."

"ஸ்பேர் வண்டி விட்டுருக்கலாமே" என்றார். அதன்பின் துண்டு.

எதிர் வீட்டு டிவி வேறு. போய்க் கத்திவிடலாமா என்று கேட் வரை போனேன்.

இவர் வந்ததும் எல்லாம் சொன்னேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "காலையில மொத பஸ்ஸுல நான் போறேன்" என்றார். முடியாது. அட்டையில் இருப்பது என் முகம்.

24, வியாழன்

சிஸ்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து, அட்டையில் தெருவையும் எண்ணையும் அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்து.

"வண்டியில இருக்க எழுத்துக்குப் பாதிப் பேர் வெக்கப்படுவாங்கம்மா. சொல்லியிருந்தா முனையிலயே நிறுத்தியிருப்போம்ல?"

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. நான் கேட்கவே இல்லை.

"நாளைக்கு வாரேன். எங்க நிறுத்தணும்?"

"வாசல்லயே நிறுத்துங்க சிஸ்டர்."

மாத்திரையோடு வீட்டுக்கு வர மதியம். அப்பாவின் உதடு ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

25, வெள்ளி

மேகம், மழை இல்லை. உளுந்து வாங்க வேண்டும். பள்ளியில் சேரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்கள். பதில் சொல்லவில்லை.

வண்டி வந்தது. வாசலை அடைத்துக்கொண்டு. எதிர் வீட்டு அக்கா கேட்டைத் திறந்து வந்தார்.

"இப்பவாச்சும் வைத்தியம் பாக்குறீகளே, நல்லாருப்ப. நாங்களும் எம்புட்டு நாளைக்குத்தான் டிவியக் கத்த விடுறது?"

"என்னக்கா?"

"ஒங்கப்பா சத்தம் கேக்கும்ல. நமக்குக் கேக்குதுன்னு தெரிஞ்சா மனுசன் கூசிப் போயிருவாரேன்னு, அவர் முனகுனதும் எங்க வீட்டுக்காரரு டிவியக் கூட்டிருவாரு. எனக்குத்தான் காது போச்சு, போ."

ஐம்பது நாளும் கேட்டிருக்கிறது.

சிஸ்டர் போனபின் அப்பா அட்டையைக் கேட்டார். கண்ணாடியை மாட்டி, டிக்கெட் பார்ப்பதுபோல் தூக்கிப் பிடித்தார். அடித்த எண்ணில் விரல்.

"இந்த நம்பர்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்லப்பா. காலி மனை. நான்தான் எழுதுனேன். அன்னைக்கு வண்டி ரிப்பேர் இல்ல."

வெகுநேரம் பார்த்தார், அட்டையை. என்னை அல்ல. இந்து மடியில் ஏறி டிக்கெட் கேட்டாள். கொடுத்தார்.

"அந்தத் துண்டத் தொவச்சுப் போட்ரு தாயி. இனி வேணாம்."

துவைத்தேன். ஒரு ஓரம் நூல் நூலாக வந்துவிட்டது. வாசல் கொடியில், தெருவைப் பார்க்கப் போட்டேன்.