முதன்மை ஓட்டுநர்

டிரம்ஷான்போ, லீட்ரிம்
பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை

அன்புத் தங்கை அசம்ப்டாவுக்கு,

பெர்த்திலிருந்து நீ எழுதிய கடிதம் நேற்று வந்தது. தேதி போடவில்லை. கோபத்தில் மறந்திருப்பாய் என்று எடுத்துக்கொண்டேன். உன் முழங்கால் வலி குறைந்தது அறிந்து நிம்மதி. இங்கே சாலையெல்லாம் இன்னும் உறைபனி. நான் நலமாகவே இருக்கிறேன்.

"ஒரு காகிதத்துக்காக என் பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிட்டாயே அக்கா" என்று எழுதியிருக்கிறாய். உன் மகன் ஃபெர்கல் தொலைபேசியில் என்ன சொன்னானோ தெரியாது. நடந்ததை நான் சொல்கிறேன்.

செப்டம்பரில் அவன் மகள் டெர்வலாவுக்கு ஸ்லைகோவில் மின்பணிப் பயிற்சி கிடைத்தது அல்லவா? காலை ஏழு மணிக்கு அவள் அங்கே இருக்க வேண்டும். இங்கிருந்து முதல் பேருந்து கிளம்புவதே எட்டு மணிக்கு. ஒரு பழைய காரை வாங்கினார்கள். பதினெட்டு வயதுப் பெண்ணுக்குக் காப்பீடு என்றதும், அந்தக் காரின் விலையைப்போல் இரண்டு மடங்கு கேட்டார்கள். சில நிறுவனங்கள் வயதைக் கேட்டதுமே தொலைபேசியை வைத்துவிட்டன. அந்தச் சனிக்கிழமை ஃபெர்கல் இங்கே வந்து, நான் கேட்காமலே ஏணி போட்டு, கூரைக் குழாயில் அடைத்திருந்த இலைகளை வாரினான். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

தேநீர் குடிக்கும்போது விஷயத்தைச் சொன்னான். காரை என் பெயருக்கு மாற்றிவிடலாம். நான்தான் முதன்மை ஓட்டுநர், டெர்வலா எப்போதாவது ஓட்டுபவள் என்று படிவத்தில் எழுதிவிடலாம். அது பொய் அல்லவா என்றேன். "என்ன பெரியம்மா, ஊர்ல எல்லாரும் செய்றதுதானே! நம்ம சாமியார் வீட்டுச் சமையக்காரம்மாகூட பேரன் காரைத் தன் பேர்லதான் வச்சிருக்கு. அதுக்குக் காரைத் திறக்கவே தெரியாது!" என்று சிரித்தான். பிறகு, "நாப்பத்தொரு வருஷமா நீங்க ஓட்டின காருல ஒரு கீறல் இல்ல. உங்க பேரைப் பாத்தாலே கம்பெனிக்காரன் எழுந்து நிப்பான்" என்றான்.

அந்தப் பெண்ணுக்காகக் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அந்த ஒரு வார்த்தைக்காகப் போட்டேன், அசம்ப்டா. என்னவர் கோல்ம் இறந்த பிறகு யாரும் என்னை எதற்கும் புகழ்ந்ததில்லை. படிக்காமல் போட்டேன் என்றும் தப்பிக்க முடியாது. கன்னியர் மடத்துப் பள்ளியில் பழகிய பழக்கம், ஒவ்வொரு வரியையும் படித்தேன். ஃபெர்கல் செய்திருந்த ஓர் எழுத்துப் பிழையைக்கூடத் திருத்திக் கொடுத்தேன்.

ஜனவரி முதல் வாரத்தில், பனியில் கார் வழுக்கி ஒரு ரொட்டி வேனின் பின்னால் மோதியது. வேன்காரருக்குத் தோள் எலும்பு முறிந்தது. டெர்வலாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. யாருடைய கார் என்று போலீஸ்காரர் கேட்டிருக்கிறார். "என்னுதுதான். தினமும் இதுலதான் வேலைக்குப் போறேன்" என்றிருக்கிறாள். வேறு என்ன சொல்வாள்? அவளை வைத்து ஒரு பொய் சொல்லியிருக்கிறோம் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. நான் சொல்லியிருப்பேன் என்று ஃபெர்கல் இருந்தான். அவன் சொல்லியிருப்பான் என்று நான் இருந்தேன். நம் வீட்டில் வெட்கப்படும் விஷயங்களை என்றைக்கு வாய்விட்டுப் பேசியிருக்கிறோம்?

இரண்டு வாரம் கழித்து காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். மரியாதையான மனிதர், கோப்பையைத் தட்டில் சத்தமில்லாமல் வைத்தார். "அந்தக் காரை நீங்க கடைசியா எப்ப ஓட்டினீங்கம்மா?" என்று கேட்டார். அதன் ஓட்டுநர் இருக்கையில் நான் உட்கார்ந்ததே இல்லை என்று சொன்னேன். இதைத்தான் உன் மகன் காட்டிக்கொடுத்தது என்கிறான்.

காப்பீட்டை ரத்து செய்துவிட்டார்கள். என் சொந்தக் காரின் காப்பீடும் அதோடு போயிற்று. இனி எந்தப் படிவத்திலும், இதற்குமுன் ரத்தானது உண்டா என்ற கேள்விக்கு ஆம் என்று எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குத் திருப்பலிக்கு நடந்து போகிறேன். தெரிந்தவர்கள் காரிலிருந்து கையசைத்துவிட்டுப் போகிறார்கள். ஏறச் சொன்னால் மறுப்பேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

கடந்த வியாழக்கிழமை ஃபெர்கல், நான் கையெழுத்திட்டு நிறுவனத்துக்கு அனுப்ப, ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தான். மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. படிவத்தை நானே என் இஷ்டத்துக்கு நிரப்பினேன், அப்பாவுக்கும் மகளுக்கும் ஒன்றும் தெரியாது என்று அதில் இருந்தது. நான் பேனாவை எடுக்காததைப் பார்த்து, "உங்களுக்கு எழுபத்தொம்பது வயசு பெரியம்மா. இனிமே காரா வாங்கப் போறீங்க? சுத்தமான பேரை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்றான். இது டெர்வலாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "அந்தக் கழுதைக்கு வாயை மூடத் தெரிஞ்சிருந்தா நான் ஏன் இங்க நிக்கிறேன்?" என்றான்.

அந்தக் கழுதை இப்போது ஸ்லைகோவில் யாரோ ஒரு தோழி வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாள். மார்ச் முடிந்தால் அந்த இடமும் இல்லை. தன் பெயரில் காப்பீடு கிடைக்காவிட்டால் பயிற்சியை விட வேண்டியதுதான். பொய்யில் பங்குள்ளவள் என்று பதிவாகிவிட்டால் எந்த நிறுவனம் அவளைத் தொடும்?

அதனால் நேற்று நிறுவனத்துக்கு நானே கைப்பட ஒரு கடிதம் எழுதி, நடந்துபோய் அஞ்சலில் சேர்த்தேன். தெரிந்தே கையெழுத்திட்டேன். ஃபெர்கல் கேட்டதால் இட்டேன். டெர்வலாவிடம் யாரும் சொல்லவில்லை. மூன்றும் உண்மை. அவளுக்கு அது உதவலாம். உன் மகனுக்கு உதவாது.

இந்தக் கடிதம் சேருமுன் அவன் உன்னை அழைத்துவிடுவான். நீ அவன் பக்கம் நில். நீ தாய், நான் குறை சொல்லமாட்டேன். ஜூனில் வரும்போது வழக்கம்போல் அவன் வீட்டிலேயே தங்கு. ஒரு பிற்பகல் மட்டும் இங்கே வந்துவிட்டுப் போ. அவன் அழைத்துவர மறுத்தால் டெர்வலாவைக் கேள். அதற்குள் அவளுக்குக் காப்பீடு கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். வந்தால், உன்னை இறக்கிவிட்டு அவள் வெளியே காரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டாம், உள்ளே வரலாம் என்று சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

கடவுள் அவளைச் சாலையில் காக்கட்டும். உன்னையும் காக்கட்டும்.

உன் அக்கா,
அட்ராக்டா