வினிகர் பாட்டிலில் இருந்தது

பெரியவனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் நானும் சின்னவளும் சுகம், நீயும் சுகமாகத்தான் இருப்பாய். அப்பா சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை, காரணம் நீ. நாலு நாளாகக் கூப்பிடுகிறேன், நீ போனை எடுக்கவில்லை. கடிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாது, முழுதாகப் படி.

நீ லீவு முடிந்து கிளம்பிய மூன்றாம் நாள் மதியம், வெள்ளரிக்காயும் வெங்காயமும் நறுக்கி வைத்துவிட்டு வினிகரைத் தேடினேன். வீட்டில் எது என்றைக்குத் தீர்ந்தது என்று நோட்டில் எழுதி வைப்பவள் நான். வினிகர் இல்லை என்று எழுதியிருந்தேன், ஆனால் அலமாரியின் பின்வரிசையில் ஒரு பாட்டில் பாதிக்கு மேல் இருந்தது. நான்தான் தப்பாக எழுதிவிட்டேன் என்று நோட்டை அடித்துத் திருத்தினேன். எனக்கு ஜலதோஷம் வேறு, வாசனை தெரியவில்லை. புளிப்பு குறைச்சலாக இருக்கிறதே, பழசு போலிருக்கிறது என்று இரண்டு கரண்டி கூடவே ஊற்றினேன். அப்பா ஒரு வாய் வைத்தார். மென்றவர் அப்படியே நிறுத்தி, எழுந்து போய்த் துப்பிவிட்டு, குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தார். பிறகு பாட்டிலை மோந்து பார்த்துத் தொட்டியில் கவிழ்த்தார். குடியை விட்டு ஒரு வருஷம் நாலு மாதம் ஆன மனுஷன், பாட்டில் காலியான பிறகும் தொட்டியில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே நின்றார்.

அன்றைக்கே உனக்குப் போன் பண்ணினால் சிரிக்கிறாய். "அதுவா, கறிக்கு ஊத்தினது போக மிச்ச வெள்ளை ஒயின்மா, அப்பா கண்ணுல படக்கூடாதுன்னு காலி பாட்டில்ல ஊத்தி வச்சேன், மறந்துட்டேன்" என்கிறாய். அப்போது லீவில் நீ சமைத்துப் போட்ட ஞாயிற்றுக்கிழமை கறியிலும் அதுதானா என்று கேட்டால், "கொதிச்சா ஆவியாயிடும், ஓட்டல்ல சமைக்கிற எனக்கே சொல்றீங்களா" என்கிறாய். நான் பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவள்தான். ஆனாலும் நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்தேன், அரைமணி கொதித்தாலும் கொஞ்சம் தங்கத்தான் செய்யுமாம். தங்காவிட்டால்தான் என்ன, ருசி தங்குகிறதே, அதற்குத்தானே ஊற்றுகிறாய். அந்த ஞாயிறு சாயங்காலம் அவர் ஒன்றுமில்லாததற்கு என்மேல் எரிந்து விழுந்துவிட்டுத் தெருவை நாலு சுற்று சுற்றினாரே, அது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. அந்த ருசியை மறக்க அந்த மனுஷன் பட்ட பாட்டைப் பார்க்க நீ இங்கே இல்லை. ஊற்றும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க உனக்கு வாய் இல்லையா. கடைசியில், "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, திட்டுவாரு" என்று வைத்துவிட்டாய்.

சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை. முன்பு குடித்த நாளில் துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால், எண்ணெய் டின்னுக்குள் என்று அவர் ஒளித்து வைக்காத இடமில்லை. "இதையும் எப்பவோ நான்தான் வச்சு மறந்திருக்கேன், வேற யாரு" என்கிறார். நோட்டைக் காட்டலாமென்றால் அதை நானே அடித்து வைத்திருக்கிறேன். நான் சத்தியம் செய்தேன். "எனக்குக் காய்ச்சல்னு பட்டறைக்கு எத்தனை தடவை பொய் சொன்னவ நீ, இப்பவும் என்னைக் காப்பாத்தப் பையன் தலையில கட்டுறே" என்கிறார். சொன்னவள்தானே நான். இப்போது பாட்டில் பாட்டிலாக மோந்து பார்க்கிறார், நான் போட்ட சாதத்தைக்கூட மோந்துவிட்டுத்தான் கை வைக்கிறார். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்தில் எழுந்து நின்று, நான் ஒளித்து வைத்திருந்தேன், குடிக்காத நாள் கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்று சொல்லப் போகிறாராம். செய்யாத தப்பை அந்த மனுஷன் ஒத்துக்கொள்ளப் போகிறார், செய்தவன் போனை எடுக்காமல் இருக்கிறாய். ஒன்றிலிருந்து ஆரம்பிக்க அவருக்கு இன்னொரு தடவை தெம்பு இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. பூஜை அறையில் உட்கார்ந்தால் கண்ணை மூட முடியவில்லை, அவ்வளவு ஆத்திரம் உன்மேல்.

இது புதன்கிழமை உன் கைக்கு வந்துவிடும் என்று தபால் ஆபீசில் சொன்னார்கள். அன்றைக்கே கூப்பிடு, என்னையல்ல, அவரை. கொதியையும் ஆவியையும் பற்றிப் பேசாதே. நான்தான் வைத்தேன் அப்பா என்று சொல். நம்பாவிட்டால் திரும்பவும் சொல், நம்பும்வரை போனை வைக்காதே. ஆண்டவன் உனக்கு ஆயுளைக் கொடுக்கட்டும், அதோடு அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும் நெஞ்சையும் கொடுக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு.

ஆத்திரம் தீராத,
உன் அம்மா