வாயில்லாப் பூச்சி

இன்று காலை சமையலறைக் கதவைத் திறந்ததும் மூஞ்சூறு வாடை. குப்பைப் பையைக் கிழித்து மீன் முள்ளை இழுத்துப் போட்டிருந்தது. துடைப்பத்தை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

"அடிக்காதடி. பாவம், கொஞ்ச நேரம் தின்னாம இருந்தாலே செத்துப்போயிரும்" என்று இதே இடத்தில் நின்று ஒருமுறை என் கையைப் பிடித்தாய்.

கிள்ளானில் ஒரே பள்ளியில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தோம். நீ உயிரியல், நான் கணக்கு. கூட்டத்தில் தலைமையாசிரியரையே மடக்கிப் பேசுவாய். உன்னை வாயில்லாப் பூச்சி என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

தொண்டையில் கட்டி வந்தபின் முதலில் சோறு நின்றது. குழாய் போட நீ சம்மதிக்கவில்லை. நான் தினமும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயிலேறி உன் வீட்டுக்கு வந்தேன். கஞ்சி, ரசம், ஆட்டுக்கால் சூப். இரண்டு கரண்டி விழுங்கிவிட்டுத் திரும்பிக்கொள்வாய். பிறகு அதுவும் இறங்கவில்லை. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் நான் இன்னும் அதிகமாகச் சமைத்தேன்.

அன்று மதியம் உன் வீட்டுக் கொய்யா மரத்திலிருந்து ஒரு அட்லஸ் அந்துப்பூச்சி வந்து சன்னல் கம்பியில் உட்கார்ந்தது. என் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்த அகலம்.

"இதுக்குத் திங்க வாயே இல்ல, தெரியுமா?" உன் குரல் வெறும் காற்றாக வந்தது. "புழுவா இருந்தப்ப தின்னதுதான். அதுல ஒரு வாரம் ஓடும். மூஞ்சூறுக்கு நேரெதிர்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. முடிஞ்சிரும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ ஒண்ணும் பூச்சி இல்ல. வாயைத் திற" என்று கரண்டியை உதட்டில் வைத்து அழுத்தினேன். கஞ்சி வழிந்து கழுத்தில் இறங்கியது. நீ திட்டவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து, "போதும்டி. சும்மா பக்கத்துல உக்காரு" என்றாய்.

நான் உட்காரவில்லை. "ஆறிப்போச்சு, சூடு பண்ணிட்டு வரேன்" என்று எழுந்து போனேன். அடுப்பு முன்னால் நின்று கொஞ்சம் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு கிண்ணத்தோடு வந்தபோது உன் கண்கள் திறந்தபடி இருந்தன. கூப்பிட்டேன். தோளை உலுக்கினேன்.

நான் இருந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்றார் மருத்துவர். இருக்கலாம். நீ என்னிடம் மருந்தா கேட்டாய்?

இப்போது தெரிந்தவர்கள் யாருக்காவது முடியவில்லை என்றால், காஜாங் ஆனாலும் பூச்சோங் ஆனாலும் போய்விடுகிறேன். வெறுங்கையோடுதான் போகிறேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிறேன். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கப் பயமாக இருக்கிறது.