சாட்சிக்கு மொழிபெயர்த்தவள்

ஜூன் 3

புது வேலை. துப்பறியும் தொடரில் ஒரு வாரக் கதை. காது கேளாதவர்களுக்குள் நடக்கும் கொலை. சைகையில் பேசுகிறவர்களுக்கும் டைரக்டருக்கும் நடுவில் நான். அப்பா பூரித்துப்போனார். காது கேளாத பிள்ளைகளின் விடுதிப் பள்ளியை நடத்தியவர் அல்லவா. "நம்ம பிள்ளைங்க டிவியில வர்றாங்களா! யாரு, என்னன்னு வந்து சொல்லு."

எனக்குச் சைகை வந்ததே பள்ளி விட்டதும் அங்கே போய் விளையாடித்தான். வகுப்பில் யாராவது கையை அசைத்தால் அப்பா காதைத் திருகுவார். வாயால்தான் பேச வேண்டுமாம். அதனால் பிள்ளைகளின் சைகையில் அப்பாவின் பெயரே காது மடலைத் திருகுவதுதான். இது அவருக்குத் தெரியாது.

ஜூன் 6

சாட்சியாக நடிப்பவள் நிஜத்தில் தையல்காரி. இதற்குமுன் நடித்ததில்லை. என்ன முகம்! டைரக்டருக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவின் விடுதியில் படித்தவளாம். எனக்கு அவளை நினைவில்லை. அவளுக்கு என்னை நன்றாக நினைவிருக்கிறது.

ஜூன் 9

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காவல் நிலைய செட். இன்ஸ்பெக்டர் கேட்க, 'முதலாளிதான் கொன்றார், நான் பார்த்தேன்' என்று அவள் காட்ட வேண்டும். கேமரா ஓடியது. அவள் தன் காது மடலைத் திருகினாள். பிறகு சைகையில் — இவர் என் தம்பியைக் கிடங்கு அறையில் போட்டுப் பூட்டினார். வகுப்பில் சைகை பேசினான் என்று. அவனுக்கு மூச்சிரைப்பு. விடிந்தபோது செத்துக் கிடந்தான். காய்ச்சல் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒன்றும் புரியாமலே மேக்கப்காரப் பெண் கண்ணைத் துடைத்தாள்.

"பிரமாதம்! வசனம் சரிதானேம்மா?" என்றார் டைரக்டர்.

அவள் என்னையே பார்த்தாள்.

"இல்ல சார். தப்பா சொல்லிட்டாங்க."

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதையே சொன்னாள். நானும் தப்பு என்றேன். மூன்றாம் முறையும் அப்படியே. டைரக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரு வரி மனசுல நிக்காதா? காதுதான் கேக்கல, மூளையுமா இல்ல? போகச் சொல்லு."

அதை மொழிபெயர்த்தேன். ஒரு சொல் குறைக்காமல்.

போகும்போது சைகையில் சொன்னாள்: 'நீ யார் மகள் என்று தெரிந்துதான் சொன்னேன். இதை வாய்விட்டுச் சொல்ல இங்கே உன்னால் மட்டும்தான் முடியும்.'

நான் என்ன பண்ணட்டும்? பெத்த அப்பாவாச்சே. அவ சொல்றது பொய்யா இருக்கலாமே. பொய்யாத்தான் இருக்கணும்.

ஜூன் 10

அவளுக்குப் பதில் காது கேட்கிற நடிகை. ஈ ஓட்டுகிற மாதிரி கையை ஆட்டுகிறாள். முதல் டேக்கிலேயே சரி என்றேன்.

ஆகஸ்ட் 17

ஒளிபரப்பானது. அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். சாட்சி வந்ததும் முகம் சுளித்தார். "கையை ஆட்டுற பழக்கம் இன்னும் போகல பாரு."

இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன். "கிடங்கு ரூம்ல ஒரு பையன் செத்துப்போனானாப்பா?"

டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்த மூச்சிரைப்புக்காரனா?"

மூச்சிரைப்பு என்று நான் சொல்லவே இல்லை.

"அவனுக்குக் குரலே வராதுன்னாங்க. அன்னிக்கு ராத்திரி என்னமா கத்துனான் தெரியுமா? விடாப்பிடியா நின்னா எல்லாருக்கும் வரும்மா. நாமதான் இளகிடக் கூடாது."

ராத்திரியில் அந்தக் கட்டடத்தில் காது கேட்கிறவர் அவர் ஒருவர்தான்.

தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன்.

ஆகஸ்ட் 18

எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 2

டைரக்டர் அடுத்த தொடருக்கும் கூப்பிட்டிருக்கிறார். வருகிறேன் என்றேன்.

திரும்பும்போது பேருந்தில் காது கேளாத பெண்கள் இருவர் சைகையில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தெரிந்தவர்கள்தான். எங்கே பார்த்தாலும் இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார்கள். இன்று என்னைக் கண்டதும் ஒருத்தி மற்றவளின் கையைப் பிடித்து நிறுத்தினாள். இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார்கள்.

நான் இறங்கிய பிறகுதான் பேச்சைத் தொடர்ந்தார்கள்.