ஆறு பல் சக்கரம், ஏழு பல் சக்கரம்

மாம்போங்
வியாழக்கிழமை, ஜூன் 1991

என் மகள் செர்வாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம், அந்தப் பனி ஊரில் உன்னையும் அவர் காக்கும்படி இன்று காலையும் கேட்டுக்கொண்டேன். அப்பா போன பிறகு கிழங்கை ஃபுஃபுவாக இடிக்க இன்னொரு கை இல்லை, வேகவைத்து அப்படியே சாப்பிட்டு முடித்துக்கொள்கிறேன், சாம்பல் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டது, வேறு விசேஷம் இல்லை. நீ படிக்கச் சொல்லி அனுப்பிய மூன்று புத்தகங்களில் கிருமிகளைப் பற்றியதைத்தான் முதலில் முடித்தேன், அதை ரொட்டிக்காரி டொன்கோருக்கும் கொடுத்தேன், இப்போது அவள் கை கழுவுகிறாள், ஆனால் "உன் மக அனுப்புன புத்தகத்தால என் சோப்புதான் கரையுது" என்று சந்தையில் எல்லார் காதிலும் விழும்படி ஏசுகிறாள். நட்சத்திரப் புத்தகம் உன் ஊர் வானத்துக்கு எழுதியது, அதில் தலைக்கு மேலே இருக்கிற வடக்கு நட்சத்திரம் இங்கே மாமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகிடக்கிறது, நம் பக்கத்து வானத்துக்கு ஒன்று இருந்தால் சொல்.

எண்களைப் பற்றிய மூன்றாவதுக்காகத்தான் இந்தக் கடிதம். போதகர் வீட்டு ஃபோன் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகுதான் சபையாருக்குக் கிடைக்கும், நான் ஒவ்வொரு ஞாயிறும் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், ஆறு ஞாயிறுக்கு ஒரு முறைதான் நீ அழைப்பாய், அதுவும் சரியாக அரண்மனையில் முன்னோர் நாளான ஆதாய்க்கு முரசு அடிக்கிற ஞாயிறு. அது எனக்குள் முள்ளாகவே இருந்தது. அதனால்தான் போன ஞாயிறு "முரசடிச்சாத்தான் உனக்கு அம்மா ஞாபகம் வருமாடி" என்று கேட்டுவிட்டேன். ஐந்து நாள் ஆஸ்பத்திரி வேலை, ஆறாம் நாள்தான் லீவு, வேலை நாளில் ஃபோனைத் தொட விடமாட்டார்கள் என்று நீ எவ்வளவோ சொன்னாய். "வாரத்துக்கு ஒரு லீவு வருதுல்ல, மத்த ஞாயிறெல்லாம் எங்க போச்சு, பொய் சொல்லாத" என்று சொல்லி நான் ஃபோனை வைத்துவிட்டேன்.

நேற்று ஏழாம் பாடம் படித்தேன். ஆறு பல் உள்ள சக்கரமும் ஏழு பல் உள்ள சக்கரமும் சேர்ந்து சுற்றினால், ஒருமுறை சந்தித்த பற்கள் மறுபடி சந்திக்க நாற்பத்திரண்டு பல் நகர வேண்டுமாம். வேர்க்கடலையைப் பரப்பி எண்ணிப் பார்த்தேன். உன் லீவு ஆறு, என் ஞாயிறு ஏழு, இரண்டும் கூட நாற்பத்திரண்டு நாள், அதாவது ஆறு ஞாயிறு. நம் பழைய ஆறு நாள் வாரமும் ஏழு நாள் வாரமும் கூடுவதுதானே ஆதாய், பிறந்த நாளிலிருந்து அந்த முரசைக் கேட்டும் இது எனக்குப் புரியவில்லையே. பொய் சொல்லாதே என்றேன், அந்தச் சொல்லை மன்னித்துவிடு மகளே. நீயும் ஏழாம் பாடத்தைப் படி, படித்திருந்தால் அன்றைக்கே எனக்கு விளக்கியிருப்பாய்.

புதன்கிழமையும் ஓர் ஆதாய் உண்டு, ஞாயிறு முரசிலிருந்து இருபத்துநாலாம் நாள். உன் லீவும் அன்றைக்குத்தான் விழுகிறது. புதன் எங்கள் பெண்கள் ஜெபக் கூட்டம், அதனால் அன்றைக்கும் ஃபோனுக்காக வீட்டைத் திறந்துவைக்க முடியுமா என்று போதகர் மனைவியிடம் கேட்டேன். "சபைக்கு வர்றவளுக்கு முரசு நாள் பாத்துக் கதவு தெறக்கணுமாக்கும்" என்று முதலில் சிரித்தாள், கடலையை வரிசையாக வைத்துக் காட்டியதும் தானும் குனிந்து எண்ணினாள், நாலு மணிக்குத் திறந்துவைக்கிறேன் என்றாள். நாற்பத்திரண்டு நாளில் ஒரு முறை என்பது இரண்டு முறை ஆகும், எனக்கு அது பெரிது.

அந்தப் புதன் இன்றிலிருந்து இருபதாம் நாள், அன்றைக்கு அழை. தபால் சில சமயம் பதினைந்து நாளில் சேர்கிறது, சில சமயம் மாதம் தாண்டுகிறது. இது உன் கைக்கு வராமல் போனாலும் நான் நாலு மணிக்கு அங்கே இருப்பேன், மணி அடிக்காவிட்டால் கடிதம் இன்னும் வழியில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன், வேறு எதுவும் நினைக்க மாட்டேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. காதை மூடிக்கொண்டு வெளியே போ, அடுத்த புத்தகங்களை அனுப்ப மறக்காதே.

ஃபோன் பக்கத்தில் காத்திருக்கும் உன் அம்மா,
அகோசுவா பிராகோ