ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்

ஜூன் 3, செவ்வாய்

இன்று வந்த லென்ஸ் பெட்டியில் மூன்றைத் திருப்பி அனுப்பினேன். ஒன்றில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. சக்கரம் அண்ணன் அதை விளக்கில் பிடித்து இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, "எங்க இருக்கு? கனவு கண்டியா?" என்றார். பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினேன். "அடேங்கப்பா! அது கண்ணா, பூதக்கண்ணாடியா?"

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின் அறையில் எனக்கு இதுதான் வேலை. கறுப்புத் துணி விரித்த மேசை, ஒரு விளக்கு, லென்ஸைச் சாய்த்துச் சாய்த்துக் கீறல் பார்ப்பது. யாரிடமும் பேச வேண்டியதில்லை. பிடித்துப்போனதே அதனால்தான். சக்கரம் அண்ணன் ஃப்ரேமுக்கு ஏற்றபடி லென்ஸைச் சக்கரத்தில் தேய்ப்பவர். அவருக்கு அந்தப் பெயர். எனக்குக் 'கொசு'. காதருகே வந்தால்தான் நான் பேசுவது கேட்குமாம்.

முதலாளி அக்கா மறுபடியும் கேட்டார், முன்னால் கவுண்டருக்கு வருகிறாயா என்று. நான் தரையைப் பார்த்தேன். "சரி, தரை என்ன சொல்லுதுன்னு நாளைக்குச் சொல்லு" என்று போய்விட்டார்.

ஜூன் 5, வியாழன்

"அந்த வாட்சைத் துடைச்சுத் துடைச்சே ஓட்டை போட்டுடுவடி" என்கிறாள் அம்மா. துடைத்தால் என்ன? தூசி இருக்கிறதே.

எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன், இன்று எழுதிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது அப்பா என்னோடு பேசுவதை விட்டார். எழுந்து நின்று சத்தமாகப் படி என்பார் டீச்சர். வாய் திறக்கும், குரல் வராது, வகுப்பே சிரிக்கும். ஒருநாள் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. அப்படியே நின்றுபோயிற்று. "எதையும் முழுசா வச்சுக்கத் தெரியாது இவளுக்கு" என்றார் அப்பா. அதற்கப்புறம் எல்லாம் அம்மா வழியாகத்தான். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். "அவளை நல்லாச் சாப்பிடச் சொல்லு." அம்மா என் பக்கம் திரும்பி, "நல்லாச் சாப்பிடுவியாம்." நான், "சரின்னு சொல்லும்மா." அம்மாவுக்குக் கழுத்துதான் வலித்திருக்கும்.

போன மாதம், நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் முடிந்த அன்று, டீ டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியை வைத்தார். "நேரத்துக்குப் போய்ப் பழகு" என்றார். என்னைப் பார்த்து. நேராக. அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

வெள்ளை முகம், நீல முட்கள், மெல்லிய தோல் பட்டை. இப்போதெல்லாம் பஸ் ஓட்டக் கிளம்பும்போது "மணி என்ன?" என்று என்னைத்தான் கேட்கிறார். அவர் கையிலும் வாட்ச் உண்டு. சுவரிலும் கடிகாரம் உண்டு. ஆனாலும் என்னைக் கேட்கிறார். நான் சொல்கிறேன். எங்கள் பேச்சு அவ்வளவுதான். எனக்கு அதுவே நிறைய.

ஜூன் 6, வெள்ளி

ஆறே முக்கால் என்றேன். "ம்" என்றார். நல்ல நாள்.

ஜூன் 11, புதன்

கீறல்.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில். காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது பூட்டு மாட்டுகிற கொக்கி வாட்சில் உரசிவிட்டது. கிர்ரென்று கேட்டது. ஷட்டர் சத்தம்தான் என்று நினைத்தேன். நினைக்க ஆசைப்பட்டேன் என்பதுதான் சரி.

விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். துணியால் துடைத்தேன். ஈரத்துணியால் துடைத்தேன். எச்சில் தொட்டுத் துடைத்தேன். (வெட்கம்.) போகவில்லை. லென்ஸாக இருந்தால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடலாம். இதை யாருக்கு அனுப்புவேன்? எப்பவும் வலது கையாலதானே தூக்குவேன், இன்னிக்கு மட்டும் ஏன் இடது கையால தூக்கினேன்? யார் கேட்டா? ஒரு கையில சாப்பாட்டுப் பை இருந்தா கீழ வைக்க வேண்டியதுதானே!

நாள் முழுக்க லென்ஸ் பார்த்தேன். எல்லா லென்ஸிலும் அதே கீறல் தெரிந்தது. நல்ல லென்ஸ் நாலைத் திருப்பி அனுப்பப் பார்த்தேன். சக்கரம் அண்ணன் பிடித்துக்கொண்டார்.

ஜூன் 12, வியாழன்

"மணி என்ன?" கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சொன்னேன். முதுகுக்குப் பின்னால் இருக்கிற வாட்சைப் பார்த்து மணி சொல்கிறவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

ஜூன் 14, சனி

முட்டாள். முட்டாள். முட்டாள்.

தடிமனான லென்ஸ் என்றால் அதன் ஓரம் வெள்ளை வெள்ளையாகச் சொரசொரவென்று இருக்கும். சக்கரம் அண்ணன் கம்பளிச் சக்கரத்தில் வெள்ளைப் பசை தடவி ஓட்டுவார். ஓரம் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். ஒரு வருஷமாக இதைத்தானே பார்க்கிறேன்? அவர் டீ குடிக்கப் போனார். நான் சக்கரத்தைப் போட்டேன். வாட்சை வைத்தேன்.

எடுத்துப் பார்த்தால் கீறல் போட்ட இடத்திலேயே இருக்கிறது. அதைச் சுற்றி, வாயால் ஊதின கண்ணாடி மாதிரி ஒரு மங்கல். துடைத்தாலும் போகாத ஊதல். நாலிலிருந்து ஏழு வரை நீராவிக்குள் போய்விட்டது.

சக்கரம் அண்ணன் வந்து பார்த்தார். "அட, ஓரத்துக்குப் போடறதைக் கொண்டுபோய் மூஞ்சியில போட்டுட்டியே! முன்ன கீறல் மட்டும்தான் இருந்துச்சு. இப்ப மேகமூட்டமும் சேர்ந்தாச்சு. சாயந்திரம் மழை வருமா?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். தன் பிஸ்கட்டை உடைத்துப் பெரிய பாதியை என் மேசையில் வைத்தார். அழுதுகொண்டே தின்றேன். பிஸ்கட் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 16, திங்கள்

வாட்சைக் காலுறைக்குள் போட்டு அலமாரியின் அடியில் வைத்துவிட்டேன்.

"மணி என்ன?" வாசலிலிருந்து கூடத்துக்கு ஓடி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்து சொன்னேன். அப்பா என் மணிக்கட்டைப் பார்த்தார். செருப்பை மாட்டினார்.

ஜூன் 18, புதன்

இன்று கேட்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

இன்றும்.

ஜூன் 21, சனி

துணி மடித்துக்கொண்டிருந்தபோது அம்மா சட்டென்று கேட்டாள். "அந்த வாட்ச் பிடிக்கலையாடி உனக்கு?"

"யாரு சொன்னா?"

"உங்கப்பாதான். 'வயசுப் பொண்ணுக்கு எது பிடிக்கும்னு எனக்கென்ன தெரியும், பேசாம நீயே வாங்கியிருக்கலாம்'னு என்னை வறுத்தெடுக்கிறாரு. கடைக்காரன் போதும்டா சாமின்னு சொல்ற வரைக்கும் நின்னு பொறுக்கினாராம்."

பிடிக்கவில்லையா? எனக்கா?

யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். சொன்னால் 'முழுசா வச்சுக்கத் தெரியாது' என்பார். அது உண்மைதான், கேட்டுக்கொள்ளலாம். சொல்லாவிட்டால், அவர் கொடுத்ததை நான் கழற்றி எறிந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஓட்டுவார். அது பொய். பொய்க்காக அவர் வருத்தப்படக்கூடாது.

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன். 'அப்பா, வாட்சில் ஒரு கீறல் விழுந்துவிட்டது.' சின்ன வாக்கியம்தான். குளியலறையில் சொல்லிப் பார்த்தேன். வந்தது.

ஜூன் 22, ஞாயிறு

குளியலறையில் வந்தது கூடத்தில் வரவில்லை. அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்று காலுறையை நீட்டினேன்.

"என்னம்மா, துவைக்கணுமா?"

உள்ளே கையை விட்டு வாட்சை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். "கீறிட்டேன்பா" என்றேன். "அப்புறம் அதைச் சரி பண்றேன்னு இன்னும் கெடுத்துட்டேன்."

சொல்லிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் அப்பா வாட்சைக் கை எட்டுகிற மட்டும் தள்ளிப் பிடித்திருக்கிறார். தலையைப் பின்னால் இழுக்கிறார். எழுந்து ஜன்னலுக்குப் போகிறார்.

"எங்க?"

"அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல."

"ம்ம்... இதுவா? இதெல்லாம் ஒரு கீறலா? இதுக்கா கழற்றி வச்ச?" என்று விரலால் தொட்டுக் காட்டினார்.

அவர் விரல் பன்னிரண்டின் மேல் இருந்தது.

நீராவியே தெரியவில்லை அவருக்கு! கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன், எத்தனை பேர் இந்த மாதிரிக் கையை நீட்டிப் பிடித்துப் படிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

"அப்பா, கிட்ட இருக்கிறது உங்களுக்குத் தெரியலையா?"

"எனக்கா? ரோட்டு முனையில நாய் வாலாட்டினா இங்கிருந்து பிரேக் போடுவேன் நான்!"

"நாய் தெரியுதுப்பா. முள்ளு தெரியலையே."

அடுக்களையிலிருந்து அம்மா, "பேப்பரைத் தள்ளித் தள்ளிப் பிடிக்கும்போதே நினைச்சேன். இன்னும் கொஞ்ச நாள்ல பக்கத்து வீட்டுக்காரர்தான் பிடிச்சுக் காட்டணும்" என்றாள்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவர் கை வாட்ச் அவருக்குத் தெரிவதில்லை. அதனால்தான் 'மணி என்ன?'. ஓகோ, அவ்வளவுதானா என்று மனசு தொங்கிப்போயிற்று. பாத்திரம் கழுவும்போதுதான் இன்னொன்று தோன்றியது. சுவர்க் கடிகாரம் தூரத்தில்தானே இருக்கிறது? தூரம் அவருக்கு நன்றாகத் தெரியுமே? பக்கத்திலேயே நிற்கிற அம்மாவைக் கேட்டிருக்கலாமே?

மனசு மறுபடி ஏறிக்கொண்டது.

ஜூன் 24, செவ்வாய்

கடைக்கு வரமாட்டாராம். "கண்ணாடி போட்டா அந்தக் கண்டக்டர் என்னைத் தாத்தான்னு கூப்பிடுவான்." கண்டக்டருக்குத் தலையில் ஒரு முடி இல்லை.

ஜூன் 28, சனி

அப்பா கடைக்கு வந்தார்! சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில், கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி வாசலில் நின்றார். முதலாளி அக்கா பின் அறைக்கு வந்து, "கொசு, அது உன் கஸ்டமர். நீயே பாரு" என்று விளக்கை அணைத்துவிட்டார். இருட்டில் என்ன கீறல் பார்ப்பது? முன்னால் போனேன்.

கிட்டப் படிக்கிற அட்டை ஒன்று உண்டு. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து. சத்தமாகப் படிக்க வேண்டும். பின்னால் பெஞ்சில் ஆட்கள் காத்திருந்தார்கள். அப்பா மேல் வரியை மேடையில் பேசுகிற மாதிரிப் படித்தார். இரண்டாவது வரியில் குரல் இறங்கியது. மூன்றாவதில் நின்றுவிட்டார். வாய் திறந்திருந்தது. பெஞ்சில் யாரோ களுக்கென்றார்கள். அப்பாவின் காது சிவந்தது. என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்?

நான் அவர் பக்கத்தில் போய் நின்று, அட்டையின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது வரியைப் படித்தேன். சத்தமாக. பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி. நாலாவதையும் படித்தேன். ஏதோ ஆற்றைப் பற்றியும் படகைப் பற்றியும் ஒரு வாக்கியம். "இப்படித்தான் எல்லாருக்கும் மூணாவது வரியில நிக்கும்பா. அதுக்குத்தான் லென்ஸ்" என்றேன். பின் அறையில் சக்கரம் நின்றது. அண்ணன் எட்டிப் பார்த்தார்.

அளவு எடுக்கும்போது அப்பா மெதுவாகக் கேட்டார். "பள்ளிக்கூடத்துல உனக்கு இப்படித்தான் இருந்துச்சா?"

தலையாட்டினேன்.

"தினமுமா?"

"தினமும்பா."

அவர் என் தலையில் கையை வைத்து, உடனே எடுத்துவிட்டார், சூடாக இருந்த மாதிரி.

லென்ஸை நானே பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். இதில் தூசி ஒட்டினால்கூட விடமாட்டேன். மத்தியானத்துக்குள் அண்ணன் தேய்த்துக் கொடுத்தார். அப்பா மாட்டிக்கொண்டார். சுற்றிப் பார்த்தார். குனிந்து, என் கையில் மறுபடி ஏறியிருந்த வாட்சைப் பார்த்தார்.

"அடிப்பாவி! என்னடி பண்ணி வச்சிருக்க இதை?"

கடை முழுக்கத் திரும்பியது.

"அன்னிக்கே சொன்னேனேப்பா!"

"கீறல்னுதானே சொன்ன? இது என்ன, குளிப்பாட்டி வெந்நீர்ல போட்டியா? புத்தம்புது வாட்ச்!"

திட்டினார், திட்டினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு திட்டினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மா நடுவில் இல்லாமல், என் பெயருக்கே நேராக வந்த திட்டு. ஒன்றையும் கீழே விடவில்லை நான்.

ஜூலை 2, புதன்

காலையில் கவுண்டர், மத்தியானம் பின் அறை என்று முடிவாகியிருக்கிறது. இன்று ஒரு பெரியவர் "சத்தமாப் பேசும்மா" என்றார். பேசினேன். "இவ்வளவு சத்தம் வேண்டாம்" என்றார்.

ஜூலை 6, ஞாயிறு

எனக்கு அந்த நீராவி பழகிவிட்டது. அப்பாவுக்குத்தான் முடியவில்லை. "கண்ணை உறுத்துதும்மா" என்று நேற்று வாட்சை வாங்கிக்கொண்டு போய் அதற்குப் புதுக் கண்ணாடி போட்டு வந்தார். இன்று காலையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு நிற்காமல், சைக்கிளைத் துடைக்கிறேன் என்று வெளியே கிளம்பினார்.

ஜன்னலில் பிடித்துச் சாய்த்தேன். ஒன்பதுக்குக் கீழே, குட்டிக் கீறல். புத்தம்புதுசு.

"அப்பா, இங்க வாங்க."

"கடையிலயே அப்படித்தான் இருந்துச்சு" என்றார், நான் இன்னும் கேட்கவே இல்லை.

"எப்படி?"

"எப்படின்னா... எப்படியோ, அப்படித்தான்."

"சாவியோட ஒரே பையில போட்டீங்களா?"

"எந்தச் சாவி?"

"சைக்கிள் சாவிதான். பல்லு பல்லா இழுத்திருக்குப் பாருங்க."

"நீ என்ன போலீசா? கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நானும்தான் பார்த்தேன், ஒண்ணும் தெரியல!"

"அப்ப கண்ணாடியைத் துடைச்சிட்டுப் பாருங்க!"

"பெத்த அப்பனையே கேள்வி கேக்குற!"

"கேள்வி கேக்காம? என் வாட்ச்ப்பா இது!"

நான் கத்தினேன். அவரும் கத்தினார். அம்மா காதைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். பக்கத்து வீட்டு அக்கா கையெல்லாம் மாவோடு ஓடிவந்து கதவைத் தட்டி, "ஐயோ, என்ன ஆச்சு? சண்டையா?" என்றார்.

"சண்டையெல்லாம் இல்லையே, பேசிக்கிட்டிருக்கோம்" என்று அப்பாவும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம்.